உரைவழிச் சாகச விளையாட்டின் நிரலமைப்பும் காரைக்காற் புனிதவதியார் கதையும்

முன்னுரை

கதை சொல்வார் ஒருவர், கேட்பார் பலர் என்பது தொன்றுதொட்டு வரும் முறை. கேட்பார் இடையிடையே 'பின் என்ன ஆயிற்று?' என்று வினவுவதோடு அமைவர். கதையின் போக்கை மாற்றும் உரிமை அவர்க்கு இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் எழுபதுகளில் அமெரிக்க நாட்டில் தோன்றிய உரைவழிச் சாகச விளையாட்டு இம்முறையை மாற்றியது. இவ்விளையாட்டிற் படமும் இல்லை, ஒலியும் இல்லை. கணிப்பொறி ஓரிடத்தைச் சொற்களால் விளக்கிக் காட்டி நிற்கும். ஆடுவார் 'வடக்கே செல்', 'விளக்கை எடு' எனத் தட்டெழுதி ஏவுவர். அவ்வேவலின் பயனைப் பொறி மீண்டும் சொற்களாலேயே கூறும். முற்றும் மொழியால் இயல்வதாகலின், இது கணிப்பொறியாளர்க்கு மட்டுமன்றி மொழியையும் இலக்கியத்தையும் ஆராய்வார்க்கும் உரிய பொருளாகின்றது.

இத்தகைய விளையாட்டின் நிரல் எவ்வெவ்வாறு வகுக்கப்பட்டு வளர்ந்தது என்னும் வரலாற்றை முதற்கண் நோக்குவதும், அவ்வமைப்பைத் தமிழிலக்கணக் கோட்பாடுகளோடு ஒப்பிட்டுக் காண்பதும், காரைக்காலிற் பிறந்த ஒரு கதையை அம்முறையில் வகுத்துப் பார்த்து அதனாற் பெறப்படும் இலக்கிய உண்மை யாது என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம். பிறர் கண்டன யாவும் நம் முன்னோர் முன்பே கண்டனவே என்று நாட்டுதல் நோக்கமன்று. ஒப்புமை காண்டல் வேறு. உரிமை கொண்டாடல் வேறு. இவ்வேறுபாட்டை மறந்தமையால் நம் ஆராய்ச்சி இழந்த மதிப்புச் சிறிதன்று.

1. குகையும் அட்டவணையும்

வில் குரோத்தர் என்பார் மாசசூசெட்சு மாநிலத்துக் கேம்பிரிட்சு நகரில், ஆர்ப்பாநெட் என்னும் கணிப்பொறி வலையமைப்பை உருவாக்கியவருள் ஒருவர். கெண்டக்கி மாநிலத்து மாமத் குகைத் தொகுதியில் இறங்கி அளந்து வரைபடம் கண்ட பயிற்சியும் அவர்க்கு உண்டு. மணமுறிவுக்குப் பின், தம் இரு பெண்மக்கள் விளையாடும்பொருட்டு, 1975, 1976 ஆகிய ஆண்டுகளில், தாம் அறிந்த குகையையே களமாக வைத்து ஒரு விளையாட்டினை அவர் எழுதினார். பின்னர் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்து மாணவராகிய டான் உட்சு அதனைக் கண்டு, குரோத்தரின் இசைவு பெற்று, 1977-இல் விரித்தமைத்தார். இவ்வாறு இருவர் கைப்பட்டு நிறைந்ததே 'கொலோசல் கேவ் அட்வென்ச்சர்' என்னும் முதல் விளையாட்டு.

அதன் நிரல் ஃபோர்ட்ரான் மொழியில் அமைந்து பி.டி.பி.-10 என்னும் பொறியில் இயங்கியது. நாம் கருதத்தக்கது யாதெனின், கட்டளைகள் ஒரு கோப்பிலும் கதைக்குரிய தரவு மற்றொரு கோப்பிலுமாகப் பிரிக்கப்பட்டிருந்தமை. தரவுக் கோப்பு பல பகுதிகளை உடையது. இடங்களின் விரிந்த விளக்கம் ஒரு பகுதி. அவற்றின் சுருங்கிய விளக்கம் மற்றொரு பகுதி. எவ்விடத்திலிருந்து எச்சொல்லால் எவ்விடம் செல்லலாம் என்னும் வழி அட்டவணை ஒரு பகுதி. சொற்றொகை ஒரு பகுதி. உட்சு விரித்த பாடத்தில் இச்சொற்றொகை எண்களால் வகை செய்யப்பட்டுள்ளது. ஆயிரத்திற்குக் குறைந்த எண்ணுடையன இயங்கற் சொற்கள். ஆயிரம் முதலியன பொருட்பெயர்கள். இரண்டாயிரம் முதலியன வினைகள். மூவாயிரம் முதலியன தனிவிடை பெறும் சொற்கள். சொல்லை முதலில் வகைப்படுத்திக்கொண்டு பின்னரே அதன் பொருளை நோக்கும் இம்முறை இலக்கண நூலார்க்குப் புதியதன்று.

வழி அட்டவணை வெறும் வழிகளை மட்டும் கூறிற்றில்லை. செல்லும் இடத்தின் எண்ணோடு ஒரு நிபந்தனை எண்ணும் சேர்த்து எழுதப்பட்டது. இன்ன பொருள் கையில் இருந்தாலன்றி இவ்வழி திறவாது என்பதும், நூற்றுக்கு இத்துணை முறையே இவ்வழி செல்லும் என்பதும் அவ்வெண்ணால் அறியப்படும். கதையின் திருப்பங்கள் கட்டளைகளுள் மறைந்து கிடவாமல் அட்டவணையில் வெளிப்பட நின்றமையால், கட்டளைகளைத் தொடாமலே புதிய இடங்களைச் சேர்த்தல் எளிதாயிற்று. உட்சு பிறர் படைப்பை விரிக்க இயன்றமைக்கு இப்பிரிவு ஒரு பெருங்காரணம் எனலாம்.

2. ஏடும் பாடமும்

குரோத்தர் எழுதிய முதற்பாடம் நெடுங்காலம் கிடைத்திலது. அவர் எழுதியது குகையின் நேரிய வரைபடம் மட்டுமே எனவும், மாயமும் புதிரும் உட்சு பின்னர்ச் சேர்த்தன எனவும் ஒரு கருத்து வழங்கி வந்தது. டென்னிஸ் செர்சு என்னும் ஆங்கிலப் பேராசிரியர், இசுட்டான்போர்டில் உட்சின் பழைய மாணவர் கணக்கின் காப்புப் படிகளிலிருந்து அம்முதற்பாடத்தைப் பெற்று ஆராய்ந்து, 2007-இல் தம் முடிவை வெளியிட்டார். 2005-இல் குகைக்குள்ளும் நேரிற் சென்று, நிரல் கூறும் இடங்களை உண்மை இடங்களோடு ஒத்துப் பார்த்தார். பறவை, பாம்பு, கோல், குள்ளர் முதலியன குரோத்தரின் பாடத்திலேயே உள்ளன என்பது அவ்வாராய்ச்சியால் நிறுவப்பெற்றது.

ஏட்டுச் சுவடிகளை ஒப்பு நோக்கிப் பாடம் கண்ட மரபில் வந்த நமக்கு இந்நிகழ்ச்சி நெருங்கியது. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குங்கால் மேற்கொண்ட உழைப்பின் இயல்பு இதனின் வேறன்று. நிரலும் ஒரு நூலே, அதற்கும் மூலபாடம் உண்டு, இடைச்செருகல் உண்டு, வாய்வழியாகப் பரவும் தவறான வரலாறும் உண்டு. ஆதலின் நிரலின் வரலாற்றை எழுதுவார்க்குப் பதிப்பாசிரியரின் ஐயவுணர்வும் பொறுமையும் இன்றியமையாதன.

3. பொருட்கிளையும் இயக்கியும்

குகை விளையாட்டை ஆடிய மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்து இளைஞர் நால்வர் (டிம் ஆண்டர்சன், மார்க் பிளாங்கு, புரூசு டேனியல்சு, டேவு லெப்ளிங்கு ஆகியோர்) 1977-இல் 'சார்க்கு' என்னும் விளையாட்டைத் தொடங்கினர். குகை விளையாட்டு இரு சொல் ஏவலையே அறியும். சார்க்கோ, கருவியும் இடமும் உடன்வந்த நீண்ட தொடரையும் பகுத்துணர்ந்தது. 1979-இல் இன்போகாம் என்னும் நிறுவனம் நிறுவப்பட்டது. பெரும்பொறியில் இயங்கிய விளையாட்டை, மிகச் சிறிய நினைவகம் உடைய இல்லக் கணிப்பொறிகளில் இயக்க வேண்டிய நிலை அந்நிறுவனத்திற்கு நேர்ந்தது. ஒவ்வொரு பொறிக்கும் கதையை மீள எழுதுதல் இயலாது. ஆதலின் சோயல் பெரெசும் மார்க் பிளாங்கும் 'இசட் இயந்திரம்' என்னும் கற்பனைப் பொறி ஒன்றினை வகுத்தனர். கதை அக்கற்பனைப் பொறிக்காக ஒரே முறை எழுதப்பட்டது. ஒவ்வோர் உண்மைப் பொறிக்கும் சிறியதோர் இயக்கி மட்டும் தனித்தனியே எழுதப்பட்டது. சார்க்கின் முதற்பகுதி 1980-இல் இல்லக் கணிப்பொறிக்கு வந்தது.

இசட் இயந்திரத்தின் முந்தைய வடிவங்களில் ஒரு கதை 255 பொருள்கள் வரை கொள்ளும். ஒவ்வொரு பொருளுக்கும் உண்டு அல்லது இல்லை எனக் குறிக்கத்தக்க பண்புகள் 32. ஒவ்வொரு பொருளும் தன்னைத் தாங்கும் பொருள், தன் உடன்பொருள், தன்னுள் அடங்கும் பொருள் என மூன்று உறவுகளை உடையது. வீட்டினுள் பெட்டி, பெட்டியுள் விளக்கு எனக் கிளைத்துச் செல்லும் இவ்வமைப்பில் ஒரு பொருளை எடுத்தல் என்பது அதனை ஒரு கிளையினின்றும் பெயர்த்து ஆடுவானின் கிளையிற் சேர்த்தலேயாம். எவ்விடத்தும் சேராத பொருளும் அமையலாம்; அது கதையில் உண்டு, ஆயின் களத்தில் இல்லை. இந்நுட்பம் பின்னர் நமக்குப் பயன்படும்.

கிரகாம் நெல்சன் என்னும் ஆங்கிலேயர் 1993-இல் 'இன்ஃபார்ம்' என்னும் மொழியை வெளியிட்டு, இசட் இயந்திரத்திற்குத் தாமே கதை எழுதும் வாய்ப்பினை எவர்க்கும் அளித்தார். 2006-இல் வந்த அதன் ஏழாம் வடிவம் இயல்பான ஆங்கில வாக்கியங்களையே நிரலாகக் கொண்டது. அட்டவணையில் தொடங்கிய வரலாறு முப்பது ஆண்டுகளில் வாக்கியத்தில் வந்து நின்றது.

4. முதல், கரு, உரி

இவ்வமைப்பினைத் தமிழ் மாணவர் ஒருவர் நோக்குவாராயின் அகத்திணையியல் அவர் நினைவிற்கு வருதல் இயல்பே. நிலமும் பொழுதும் முதற்பொருள், தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள், ஒழுக்கம் உரிப்பொருள். விளையாட்டின் நிரலிலும் இடங்களும் காலக்கணக்கும் ஒரு தொகுதி. பொருள்களும் உயிர்களும் மற்றொரு தொகுதி. வினைகளும் அவற்றின் பயனும் மூன்றாம் தொகுதி. நிலம் ஒன்றோடொன்று மயங்காது. ஏனையவை மயங்குதல் விலக்கப்படாது என்பது தொல்காப்பியர் கொள்கை. நிரலிலும் இடங்கள் நிலைபெற்றவை. பொருள்கள் இடம்விட்டு இடம் பெயர்வன.

ஒப்புமை இவ்வளவில் நிற்க, வேற்றுமையே பெரிதும் எண்ணத்தக்கது. முதல், கரு, உரி ஆகிய மூன்றும் பாட்டில் ஒன்றினொன்று சிறந்து செல்லும் என்றும், உரியே தலைமை உடையதென்றும் நம் இலக்கணம் வகுத்தது. குகை விளையாட்டில் இம்முறை தலைகீழாக உள்ளது. அங்குக் குகையே தலைமையுடையது. கருப்பொருள் அதற்கு அடுத்தது. உரி என்பது புதையலைத் தேடிக் கொணர்தல் என்னும் ஒரு மெல்லிய நூலிழை மட்டுமே. வரைபடத்திலிருந்து பிறந்த விளையாட்டில் வரைபடம் தலைமை பெறுதல் வியப்பன்று. ஆயின் நம் கதைகளை இவ்வடிவில் வகுக்க முற்படுவோர், நிலத்தை முதலில் வரைந்துகொண்டு உரியைப் பின்னர்த் திணித்தல் தகாது. குரோத்தர் தொல்காப்பியம் கற்றவரல்லர். தொல்காப்பியர் பொறியைக் கருதினவருமல்லர். ஓர் உலகத்தைச் சொற்களால் அமைத்து அதில் நிகழும் செயலை விளங்கச் செய்வது எங்ஙனம் என்னும் ஒரே வினாவிற்கு இருவரும் தத்தம் துறையில் விடை கண்டனர் என்பதே ஒப்புமையின் காரணமாம்.

5. ஏவலும் வேற்றுமையும்

ஆடுவார் தட்டெழுதும் ஏவலைப் பகுத்துணர்தல் இவ்விளையாட்டின் உயிர்நாடி. ஆங்கிலத் தொடரில் சொல் நிற்கும் இடமும் முன்னிடைச்சொல்லும் வேற்றுமைப் பொருளைக் காட்டும். அதற்கெனச் செய்த பகுப்பு முறையைத் தமிழின்மேல் ஏற்றினால் 'எடு மாங்கனி', 'கொடு மாங்கனி அடியவர்' என்னும் முடத்தொடர்களையே ஆடுவார் எழுத நேரும். பொறிக்குத் தமிழ் பொருந்தாது என்னும் எண்ணம் இத்தகைய இடங்களிலேதான் வேர்கொள்கின்றது. குறை தமிழினதன்று, பிறமொழியின் அளவுகோலை மாற்றாது கொண்டதன் விளைவே அது.

தமிழ் தரும் வசதிகள் சிலவற்றை எண்ணிப் பார்ப்போம். முதலாவது, தமிழில் ஒருமை ஏவல் வினை பெரும்பாலும் பகுதி மாத்திரையாய் நிற்கும். நன்னூலார் பதவியலில் வினைப்பகுதிகளின் ஈறுகளுக்கு எடுத்துக்காட்டாக இருபத்துமூன்று சொற்களைத் தருங்கால் அவற்றை ஏவல்வினைப் பகாப்பதமாகவே காட்டுகின்றார். ஆதலின் வினைச்சொற்றொகை அமைப்பார்க்கு ஏவலும் பகுதியும் என இருவேறு பட்டியல் வேண்டுவதில்லை. இரண்டாவது, 'அடியவர்க்கு மாங்கனியைக் கொடு' எனினும் 'மாங்கனியை அடியவர்க்குக் கொடு' எனினும் பொருள் ஒன்றே. ஐயுருபு செயப்படுபொருளையும், குவ்வுருபு ஏற்பானையும், ஆலுருபு கருவியையும், இல்லுருபு இடத்தையும் காட்டிவிடுதலின், சொற்கள் முன்பின்னாக மாறினும் பகுப்பான் தடுமாறான். மூன்றாவது, ஒரு தொழில் நிகழ்தற்கு வினை, செய்பவன், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு என்பது, பயன் என எட்டு முதனிலைகள் உண்டு என வேற்றுமை மயங்கியல் கூறும். இவ்வெட்டனையும் ஒவ்வோர் ஏவலுக்கும் உரிய நிரப்பிடங்களாகக் கொள்ளலாம். நிரம்பாத இடத்தைப் பொறி ஆடுவானிடம் கேட்டறியலாம்.

இடர்ப்பாடுகளும் உள. 'மாங்கனியைக் கொடு' என்புழிச் சொல்லின் இறுதியில் நிற்கும் ககர ஒற்றினை முதலில் நீக்க வேண்டும். பின்னர் உருபினைப் பிரிக்க வேண்டும். அதன் பின்னர்ச் சாரியையும் திரிபும் நீக்கி மூலச்சொல் காண வேண்டும். மரத்தை என்பதிலிருந்து மரமும், ஆற்றை என்பதிலிருந்து ஆறும், வீட்டை என்பதிலிருந்து வீடும் பெறப்படுதல் புணரியல் அறிந்தாராலேயே இயலும். 'மாங்கனி கொடு' என உருபு தொக்கு வருதலும் வழக்கே. உயர்திணைப் பெயரில் ஐயுருபு வெளிப்பட்டு வருதலும் அஃறிணைப் பெயரில் தொக்கும் வருதலும் பெரும்பான்மையாதலின், திணையினை ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பண்பாகக் குறித்து வைப்பின் இத்தொகையை விரித்தல் எளிதாம்.

எழுத்தெண்ணும் முறையிலும் விழிப்பு வேண்டும். பி.டி.பி.-10 பொறியின் ஒரு நினைவுக்கூறு ஐந்து ஆங்கில எழுத்துகளைக் கொள்ளும். ஆதலின் குகை விளையாட்டு ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்தையே நோக்கியது. ஒருங்குறியில் உயிர்மெய் பெரும்பாலும் மெய்க்கு ஒன்றும் உயிர்க்குறிக்கு ஒன்றுமாக எண்ணப்படும். புள்ளியும் தனியே எண்ணப்படும். இவ்வெண்ணிக்கையின்படி மாங்கனி, மாங்காய் ஆகிய இரு சொற்களின் முதல் ஐந்து குறிகளும் ஒன்றே. தமிழ் எழுத்தாக எண்ணினால் மூன்றாம் எழுத்திலேயே இரண்டும் பிரிந்துவிடும். எழுத்து யாது என்னும் வினா எழுத்ததிகாரத்தோடு முடிந்துவிடவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

தமிழ்ச்சொற்களால் இயலும் 'எழில்' என்னும் நிரல்மொழி இங்குக் குறிப்பிடத்தக்கது. அதில் நிபந்தனை முன்னும் 'ஆனால்' என்னும் சொல் பின்னுமாக நிற்கும். ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முன்னிற்கும் வரிசையை அம்மொழியை ஆக்கியோர் அவ்வாறே பெயர்த்தெழுதாது, தமிழின் எச்ச முறையைத் தழுவியமை பாராட்டிற்குரியது. சொற்களை மட்டுமன்றித் தொடரமைப்பையும் தமிழாக்குதலே உண்மையான தமிழாக்கம் ஆகும்.

6. காரைக்கால் என்னும் களம்

இனிக் காரைக்காற் கதைக்கு வருவோம். காரைக்கால், அரசலாறு கடலொடு கலக்கும் நெய்தல் நிலத்து வணிகப் பேரூர். சேக்கிழார் அதனைக் கலங்கள் இயங்கும் வணிகர் ஊராகவே பாடுகின்றார். 1739-இல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் இதனைப் பெற்றனர். 1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்திய அரசிடம் வந்தது. 1962 ஆகசுட்டு 16-இல் சட்டமுறையாகவும் அம்மாற்றம் நிறைவேறியது. இன்று ஏறத்தாழ 160 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்புடைய இப்பகுதி புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு கூறுகளுள் ஒன்று.

நிரலமைப்பின் ஓர் அடிப்படையை விளக்க இவ்வூரின் நிலையே போதும். ஆட்சியால் காரைக்கால் புதுச்சேரியுள் அடங்கும். வழியாலோ அதனைச் சூழ்ந்தவை தமிழ்நாட்டு மாவட்டங்கள். புதுச்சேரி நகர் செல்வார் நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு தமிழ்நாட்டு வழியே சென்றாதல் வேண்டும். எதனுள் எது அடங்கும் என்பது ஓர் உறவு. எதிலிருந்து எங்குச் செல்லலாம் என்பது மற்றோர் உறவு. முன்னையது கிளை, பின்னையது வலை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் நிரல் விரைவில் குழம்பும். பொருட்கிளையும் வழி அட்டவணையும் தனித்தனியே அமைதற்குக் காரணம் இதுவே.

புனிதவதியார் கதைக்குரிய இடங்கள் மிகச் சிலவே: காரைக்கால் இல்லம், கணவனின் கடை, துறை, பாண்டிநாட்டு நகர், கயிலை, திருவாலங்காடு. ஆனித் திங்களில் நிகழும் மாங்கனித் திருவிழாவில் மாப்பிள்ளை அழைப்பு, திருமணம், பிச்சாண்டவர் வீதியுலா, அமுது படையல் எனக் கதை முழுதும் ஊரின் வீதிகளிலேயே நிகழ்த்திக் காட்டப்படுகின்றது. மாங்கனிகள் வாரி இறைக்கப்படுகின்றன. கதையை வரிசை மாறாது ஊரோடு பிணைத்த மரபு அது. அம்மையார் பாடிய அற்புதத் திருவந்தாதியின் அமைப்பும் அத்தகையதே. 101 வெண்பாக்களில் ஒன்றன் முடிவு அடுத்ததன் தொடக்கமாகி, இறுதி முதலோடு வந்து மண்டலிக்கும். நிரலின் நோக்கிற் கூறின், அந்தாதியில் ஒவ்வோர் இடத்திற்கும் ஒரே வாயில். விளையாட்டிலோ வாயில்கள் பல. ஒரே வாயிலுடைய கதையைப் பல வாயில்களில் வைத்தால் அஃது அக்கதையாக நிற்குமா என்பதே ஈண்டு எழும் வினா.

7. மாங்கனிகள் நான்கு

இக்கதையை யான் முதலில் தாளில் வகுத்தபோது மாங்கனி என்பதனை ஓர் எண்ணிக்கையாகக் கொண்டேன். பரமதத்தன் தன்னைக் காண வந்தோர் தந்த இரு கனிகளை இல்லத்திற்கு அனுப்புகின்றான், எண் இரண்டு. பசித்து வந்த சிவனடியார்க்குப் புனிதவதியார் ஒன்றை அளிக்க, எண் ஒன்று. கணவன் மற்றதனை உண்ண, எண் இன்மை. அவன் எஞ்சிய கனியையும் கேட்க, இறையருளால் ஒன்று வருதலின் மீண்டும் எண் ஒன்று. கணக்கு இதுகாறும் இடரின்றி நடந்தது. ஆயின் அடுத்த நிகழ்ச்சியில் அது முறிந்தது. வந்த கனியின் சுவை முன்னையதினும் மிக்கிருத்தலைக் கண்டன்றோ கணவன் ஐயுற்றான்? எண்ணிக்கைக்குச் சுவை இல்லை. கதையின் திருப்பத்தையே என் நிரல் இழந்துவிட்டது.

பின்னர்க் கனிகள் நான்கையும் நான்கு தனிப்பொருள்களாக வகுத்தேன். முதற்கனி அடியார்க்கு ஆயது. இரண்டாவது கணவன் உண்டது. மூன்றாவது அருளால் வந்து அவன் உண்டது. நான்காவது அருளால் வந்து, அவன் கையில் இட்டவுடன் மறைந்தது. நான்கிற்கும் பெயர் ஒன்றே, பண்பு வேறு. பின்னிரண்டும் தொடக்கத்தில் எவ்விடத்தும் சேராதன. களத்தில் இல்லாது கதையில் உள்ள பொருள் என மேலே கூறியது இதுவே. புனிதவதியார் இறைவனை நினையும்போது அவை இல்லாமையிலிருந்து தோன்றுவதில்லை. இடமின்மையிலிருந்து இடத்திற்கு வருகின்றன. நான்காம் கனி மீண்டும் இடமின்மைக்கே செல்கின்றது. உண்ணப்பட்ட கனிகளின் நிலை வேறு, மறைந்த கனியின் நிலை வேறு என்பதும் இப்பகுப்பினால் தெளிவாம். ஒரே பெயருக்குள் நான்கு பொருளை வைத்துக் கதை நடத்திய சேக்கிழாரின் திறம், எண்ணிக்கையாக வகுத்து யான் செய்த பிழையாலேயே எனக்குப் புலப்பட்டது.

8. ஐயுறும் இடமே கிளைக்கும் இடம்

அடுத்து, ஆடுவார்க்கு எவ்விடத்தில் தெரிவுரிமை அளிப்பது? அடியார் வரும்போது கனியைக் கொடுக்கலாம், கொடாமலும் இருக்கலாம் என இருவழி வைப்பதே விளையாட்டு வகுப்பார் முதலில் கருதுவது. ஆயின் சேக்கிழார் அவ்விடத்தில் புனிதவதியார்க்குச் சிறிதும் தயக்கம் வைத்திலர். சோறு ஆயிற்று, கறி ஆகவில்லை, அடியார் பசித்தார் என்னும் மூன்றும் கூடியவுடன் கை கனியை நாடுகின்றது. அங்கு இருவழி வைப்பது அம்மையாரின் இயல்பையே மறுப்பதாகும்.

உண்மையான இருவழி பின்னர் வருகின்றது. 'இக்கனியை யாண்டுப் பெற்றாய்?' என்று கணவன் வினவுகின்றான். இறைவன் அருளை வெளிப்படக் கூறுதல் முறையன்று. கணவனிடம் மறைத்தலும் முறையன்று. இரண்டிற்கும் இடையே அவர் உள்ளம் நடுங்குவதைச் சேக்கிழார் விளங்கக் காட்டுகின்றார். முடிவில் உள்ளதை உரைக்கின்றார். அதன் பின்னரே நான்காம் கனியும், கணவனின் அச்சமும், கடற்செலவும், பிரிவும், பேயுருவும் தொடர்கின்றன. இல்லறக் கதை அருட்கதையாகத் திரியும் புள்ளி கனி கொடுத்த இடமன்று. உண்மை உரைத்த இடமே. காப்பியத்தைப் படிக்குங்கால் நாம் அற்புதத்தின்மேல் கண் வைத்து இதனைக் கடந்து செல்கின்றோம். நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்கும்போது, பின்வரும் நிகழ்ச்சிகள் அனைத்தும் 'உண்மை உரைக்கப்பட்டது' என்னும் ஒரே குறியினைச் சார்ந்து நிற்றல் தெரிகின்றது.

ஆதலின் நிரலில் ஏவல்களை மூவகைப்படுத்தலாம். பாத்திரத்தின் இயல்போடு பொருந்துவன உடனே நிகழ்வன. இயல்போடு மாறுபடுவன, 'அதற்கு மனம் இசையவில்லை' என மறுக்கப்படுவன. பாத்திரம் தானே ஐயுறும் இடத்தில் எழுவன ஆடுவானின் தெரிவிற்கு விடப்படுவன. இம்மூன்றாம் வகை மிகச் சிலவாகவே இருக்கும். ஆயினும் கதையின் உரிப்பொருள் முழுதும் அச்சிலவற்றிலேயே தங்கியிருக்கும். கயிலைச் செலவும் இவ்வகையில் நோக்கற்குரியது. அங்கு 'நட' என்னும் ஏவல் மறுக்கப்படல் வேண்டும். 'தலையால் நட' என்பது ஒன்றே ஏற்கப்படும். ஆலுருபு காட்டும் கருவிப்பொருளைப் பகுத்தறியாத நிரலால் காரைக்கால் அம்மையாரின் கதையைச் சொல்லவே இயலாது. இலக்கணமும் கதையும் நிரலும் ஒருங்கே சந்திக்கும் இடம் அது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், உரைவழிச் சாகச விளையாட்டின் நிரல் அட்டவணையில் தோன்றிப் பொருட்கிளையாய் வளர்ந்து வாக்கியமாய் முதிர்ந்தது என்பதும், கதைத் தரவையும் அதனை இயக்கும் கட்டளையையும் பிரித்தமையே அவ்வளர்ச்சிக்கு வித்து என்பதும், தமிழில் ஏவலைப் பகுத்தற்கு வேற்றுமையும் புணர்ச்சியும் தடையாகாது துணையாகும் என்பதும் பெறப்பட்டன.

இவற்றினும் சிறந்த பயன் ஒன்று உண்டு. நிரலாக வகுத்தல் ஒரு நுண்ணிய வாசிப்பு முறை. பொருள் எத்தனை, அவை எங்குள்ளன, யார் எதனை அறிவர், எவ்விடத்தில் நெஞ்சம் இருபாற்படும் என்னும் வினாக்களுக்கு விடை கூறாமல் ஒரு கதையை நிரலாக்க முடியாது. பழைய உரையாசிரியர் கேட்ட வினாக்களும் இவை போல்வனவே. நம் புராணங்களையும் காப்பியங்களையும் விளையாட்டாக்கும் முயற்சிகள் பெருகக்கூடிய காலம் இது. அம்முயற்சியைப் பொறியியலார் கையிலேயே விட்டுவிடின், அடியார் வந்தவுடன் 'கொடுக்கவா, மறுக்கவா' என்னும் வினாவே எஞ்சும். புனிதவதியார் நடுங்கி நின்ற இடம் மறைந்துபோகும். அவ்விடத்தைக் காட்டித் தருதல் தமிழ் கற்றார் கடன். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தாம் நன்கறிந்த ஒரு கதையை எடுத்து, அதன் இடம், பொருள், நிலை, ஐயம் ஆகிய நான்கினையும் ஒரு தாளில் வகுத்துப் பார்ப்பாராக. பொறி இல்லாமலே தொடங்கத்தக்க ஆராய்ச்சி இது.